இடிக்குமுன் அளந்தோமா?

மூன்றாம் ஆண்டு, சிவில்



ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நீங்கள் எல்லாரும் முதலில் புரட்டுவது குரூப் போட்டோ பக்கத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். அதில் உங்கள் தலை பாதி மறைந்திருக்கிறதா, முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்து முடித்தவர்கள் இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். ஒரு விஷயம் பேச வேண்டும்.

டிப்ளமோ முடித்ததும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? மெக்கானிக்கல்காரர்கள் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ். சிவில்காரர்கள் சைட் சூப்பர்வைசர். வீட்டில் கொஞ்சம் தாக்குப்பிடிக்க முடிந்தால் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. எங்கள் கிளாஸில் இந்தக் கேள்வி சுற்றி வந்தபோது என் முறையும் வந்தது. "கட்டடங்களோட வரலாற்றை எம்.ஆர்க் வரைக்கும் படிக்கணும்" என்றேன். கடைசி பெஞ்சில் ஆரம்பித்த சிரிப்பு முதல் பெஞ்சுக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. "பழைய பில்டிங்கைப் பார்த்து கதை விடுற படிப்பா?" என்று கேன்டீனில் ஒருத்தன் கேட்டான். வீட்டில் நைனா கேட்டது இன்னும் சுருக்கம். "அதுக்கு இன்னாம்மா சம்பளம்?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேன்டீன் கேள்விக்குப் பதில் கையில் இருக்கிறது. நைனாவின் கேள்விக்குப் பாதிப் பதில்தான் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். நைனா கொத்தனார். ஆயா, அதாவது நைனாவைப் பெற்றவள், நாற்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். மணலும் ஜல்லியும் சுமந்தே ஆயாவுக்கு உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி இல்லை. அந்த நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ஆயா கையில் கரணையைக் கொடுத்தவர்கள் யாரும் கிடையாது. பொம்பளை சுமக்கலாம், பூசக் கூடாது! அது தனிக் கட்டுரை, இன்னொரு மலரில் எழுதுகிறேன்.

போன வருஷம் லீவில் ராயபுரத்தில் ஒரு சைட்டுக்கு ட்ரெயினிங் போனேன். பழைய மாடி வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். எனக்குக் கொடுத்த வேலை, வருகிற லாரியின் நம்பரையும் லோடையும் நோட்டில் எழுதுவது. முதல் நாளே உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். தேக்கு உத்தரம். அதன் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். கட்டைகளுக்கு மேல் சின்னச் சின்னச் செங்கல், படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாக்கில் வரிசை வரிசையாக. ஒரு கம்பி இல்லை, ஒரு துளி சிமென்ட் இல்லை. நம் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகிற மெட்ராஸ் டெரஸ்! நூறு வருஷத்துக்கு மேல் ஆன வீடு என்று தெருவில் சொன்னார்கள். தளத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் ஒழுகிய கறை இருந்தது, அதுவும் பின்னால் யாரோ பைப் போடத் துளைத்த இடம்.

"அண்ணா, இதை அளந்து வரைஞ்சு வெச்சுக்கட்டுமா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "நாளைக்கு மறுநாள் ஜேசிபி வருதும்மா. சீக்கிரம் அளந்துக்கோ" என்றார். ஒன்றரை நாள். சர்வே லேபில் செயின் பிடித்த அனுபவத்தை நம்பி, ஒரு முப்பது மீட்டர் டேப்பும் தூக்குக்குண்டும் வைத்துக்கொண்டு நான்கு ஷீட் வரைந்தேன். சுவரின் கனம் வந்தது, ஜன்னல் வந்தது, படிக்கட்டு வந்தது. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குள் வீடே இல்லை. உத்தரங்களையும் கதவுகளையும் பழைய மர வியாபாரி விலை பேசி ஏற்றிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் ஷீட்டைப் பிரித்து வைத்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது, உத்தரத்தின் உயரத்தை அளக்க மறந்துவிட்டேன். அகலம் இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, உயரம் இல்லை. அந்தத் தளம் எவ்வளவு பாரம் தாங்கியது என்று கணக்குப் போட வேண்டுமானால் முதலில் வேண்டியது அதுதான். இனிமேல் உலகத்தில் யாராலும் அதை அளக்க முடியாது.

இந்த உறுத்தலில் இருந்துதான் என் ஆசை ஆரம்பித்தது.

அன்று ராத்திரி ஆயாவிடம் ஷீட்டைக் காட்டினேன். படிக்கத் தெரியாத ஆயாவுக்கு வரைபடம் மட்டும் எப்படியோ புரிந்தது. "இத்த நாங்க போட்டதில்ல. எங்க காலத்துல கான்கிரீட் வந்துடுச்சு. ஆனா மேல ஜல்லி போட்டு இடிப்போம்" என்று ஆரம்பித்தது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இடிக்க வேண்டுமாம். "எப்போ நிறுத்துவீங்க ஆயா? யாரு சொல்லுவாங்க?" என்றேன். "யாரு சொல்றது? கட்டை சொல்லும். போட்டா பதியக் கூடாது, எகிறணும். எகிறிச்சுன்னா போதும்" என்றது.

பிறகு ஒருநாள் லைப்ரரியில் ஐ.எஸ். 3036 கிடைத்தது. சுண்ணாம்புக் கான்கிரீட் தளம் போடுவதற்கான இந்தியத் தர விதி. கட்டை மேற்பரப்பில் பதியாமல், அடித்தால் துள்ளி எழும்பும்வரை இடிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆயா சொன்னதும் அதுதான்! விதியை எழுதிய கமிட்டியில் ஆயா மாதிரி ஒரு சித்தாள் உட்கார்ந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அந்த வரி எங்கோ ஒரு மொட்டைமாடியில், கட்டை பிடித்த கையில் இருந்துதான் புத்தகத்துக்குப் போயிருக்க வேண்டும். கையில் இருந்து புத்தகத்துக்கு ஒரு செய்தி எப்படிப் போகிறது, போகும் வழியில் யார் பெயர் விட்டுப்போகிறது என்று கேட்பதுதான் நான் படிக்க ஆசைப்படும் படிப்பு. கேன்டீன் நண்பனுக்கு இதுதான் பதில். கதை விடுவது இல்லை. கதை விட்டுப்போன இடத்தைத் தேடுவது.

இந்தப் படிப்புக்கு நம் நாட்டில் பிள்ளையார் சுழி போட்டவர் யார் தெரியுமா? பெரிய ஆர்க்கிடெக்ட் யாரும் இல்லை, ஒரு குமாஸ்தா. பெயர் ராம் ராஸ். 1790 வாக்கில் தஞ்சாவூரில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். மெட்ராஸில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, பிறகு பெங்களூரில் நீதிபதியானவர். மானசாரம் முதலான சிற்ப நூல்களின் ஓலைகளைத் தேடிப் படித்து, கோயில் கட்டடக்கலையைப் பற்றி இங்கிலீஷில் ஒரு நூல் எழுதினார். 1834-ல் லண்டனில் ராயல் ஏசியாடிக் சொசைட்டி அதை 48 படத் தகடுகளோடு வெளியிட்டது. அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அவருக்கு வந்த சிக்கலைக் கவனியுங்கள். சமஸ்கிருதம் படித்த பண்டிதர்களுக்கு ஓலையை வாசிக்க முடிந்தது, ஆனால் அதில் இருக்கிற தொழில் சொற்கள் எந்தக் கல்லைக் குறிக்கின்றன என்று தெரியவில்லை. உளி பிடித்த சிற்பிகளுக்குக் கல் தெரிந்தது, ஓலையின் மொழி தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்பி ஒருவரின் துணையோடு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தார். தோழர்களே, அந்த நடு இடம் யாருடைய இடம்? பி.ஆர்க் படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கை தெரியும். நாம் காலையில் தியரி கிளாஸில் உட்கார்ந்துவிட்டு, லீவு நாளில் நைனாவோடு சாந்து குழைக்கப் போகிறவர்கள். நமக்கு ரசமட்டமும் தெரியும், பெண்டிங் மொமென்ட்டும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்பு யாருக்காவது பொருந்தும் என்றால் டிப்ளமோ படித்தவர்களுக்குத்தான் பொருந்தும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கேமராவோடு வந்து "வாவ்" சொல்லிவிட்டுப் போகிற விஷயம் என்று நாமே ஒதுங்கி நிற்பது சரியில்லை.

இந்திய, கீழ்த்திசைக் கட்டடங்களின் வரலாற்றை 1876-ல் பெரிய புத்தகமாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசனும் கட்டடக்கலை படித்தவர் இல்லை. வங்காளத்தில் அவுரிச் சாயத் தொழில் செய்தவர். சாயம் போட்டவர் எழுதலாம், சாந்து குழைத்தவர் எழுதக் கூடாதா?

சரி, படிக்க என்ன இருக்கிறது நம்ம ஏரியாவில் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சுற்றிக் காட்டுகிறேன். லாரியும் கன்டெய்னரும் தூசியும்தான் வட சென்னை என்று தென் சென்னைக்காரர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. நாமே அப்படித்தானே நினைக்கிறோம்!

திருவொற்றியூர் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு, பொங்கலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அடுத்த முறை ஆதிபுரீசுவரர் கருவறையின் பின்பக்கம் போய் நில்லுங்கள். சுவர் நேராக இருக்காது, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்து போகும். தூங்கானை மாடம் என்று அதற்குப் பெயர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்தது. சதுரானன பண்டிதர் என்பவர் சொல்ல, கட்டிக் கொடுத்தவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. நைனாவிடம் இதைச் சொன்னபோது நம்பவே இல்லை. "கட்டினவன் பேரையா? கல்லுலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். நைனா இருபத்தைந்து வருஷமாகக் கட்டிய வீடுகளின் வாசலில் எல்லாம் பளிங்குப் பலகையில் பெயர் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர், அவர் அம்மா பெயர், குலதெய்வத்தின் பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரில் ஒரு தச்சன் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், நடுவில் எப்போது அந்த வழக்கம் போனது? இது ஒரு கேள்வி. முதுகலையில் ஆய்வேடு எழுதப் போதுமான கேள்வி.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் காலடிப்பேட்டை. காலடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட் பேட்டை நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது. தறிக்காகத் திட்டம் போட்டுக் குடிவைத்த ஊரில் தெருவின் அகலத்துக்கும், திண்ணையின் நீளத்துக்கும், பாவு போடும் வேலைக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கத்தானே வேண்டும்? போய் அளந்தவர் யார்?

ராயபுரம் ஸ்டேஷனுக்கு வருவோம். 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்காக ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பாசஞ்சர் ரயில் நம்ம பேட்டையில் இருந்து கிளம்பியது என்பது பெருமைதான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடிவிட்டது. ஆனால் அங்கே முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் பழமையானது ராயபுரம்தான் என்கிறார்கள். 1873-ல் சென்ட்ரல் வந்தது, 1908-ல் எழும்பூர் வந்தது, ராயபுரத்தை எல்லாரும் மறந்தார்கள். பாழடைந்து கிடந்ததை 2005-ல் புதுப்பித்தார்கள். தூண்களுக்கு வெள்ளையும் சுவருக்குச் சிவப்பும் அடித்து இன்று கம்பீரமாகத்தான் நிற்கிறது. தினமும் அந்த வழியாக வருகிற நம் கூட்டத்தில் எத்தனை பேர் உள்ளே போய்த் தூணைத் தொட்டிருப்போம்?

கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரி தேவாலயத்தை ஒரு சார் எங்களுக்குக் காட்டினார். 1680-ல் முடிந்தது. கூரையில் மரமே கிடையாது, செங்கல்லால் வளைத்த கனமான கூரை. ஏன் அப்படி? பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காக. வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப் படைத் தலைவர் எட்வர்ட் ஃபௌல் என்கிறார்கள். ஆர்ச் ஏன் வளைந்து நிற்கிறது என்பது ஸ்ட்ரக்சர் கிளாஸ். அந்த இடத்தில் ஏன் ஆர்ச் என்பது ஹிஸ்டரி கிளாஸ். முதலாவது நமக்கு இருக்கிறது. இரண்டாவதுக்கு நம் சிவில் பட்டயப் படிப்பில் தனியாக ஒரு தாள்கூடக் கிடையாது.

இருப்பதைச் சொன்னேன். இல்லாமல் போனதையும் சொல்ல வேண்டும். 1870களில் துறைமுகத்துக்காகக் கல் சுவர் கடலுக்குள் நீள ஆரம்பித்தது. நம் கரையோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. அந்தச் சுவர் தடுத்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் ராயபுரத்தையும் காசிமேட்டையும் திருவொற்றியூரையும் தின்ன ஆரம்பித்தது. அவர்கள் காற்று வாங்குகிற மணல் நம்முடைய மணல்! இன்று கரையெல்லாம் பாறாங்கல். தெருத் தெருவாகக் கடலுக்குள் போன அந்த வீடுகள் எப்படி இருந்தன? எங்கள் தெருவில் ஒரு தாத்தா கடலைக் காட்டி, "அதோ அந்த அலை உடையுது பாரு, அங்கதான் எங்க வாசல்" என்பார். அவர் வாசலுக்கு வரைபடம் எங்கேயும் இல்லை.

பெரம்பூர் பக்கம் பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1870, 80களில் ஆரம்பித்தவை. 1918-ல் அந்தத் தொழிலாளர்கள் சேர்ந்துதான் மெட்ராஸ் லேபர் யூனியன், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம். 1996-ல் மில் மூடியாயிற்று. பிறகு சினிமாக்காரர்கள் செட் போட்டார்கள், ஹீரோ பறந்து பறந்து அடித்தார். இப்போது அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நம்மில் பலருடைய தாத்தாக்கள் சங்கு ஊதினதும் ஓடிப்போன இடம் அது. வெளிச்சம் எந்தப் பக்கத்துக் கூரைக் கண்ணாடி வழியாக வந்தது, தறி எந்த வரிசையில் நின்றது என்று இனிக் கேட்டால் சினிமாவைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடியது. "அதெல்லாம் ஒரு கட்டடமா?" என்பீர்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் இருந்த பேங்க்சைடு மின் நிலையத்தைத்தான் 2000-ல் டேட் மாடர்ன் என்கிற ஓவியக் கூடமாக மாற்றினார்கள். எண்ணூரில் ஓவியக் கூடம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாம்பலைத் தின்ற ஜனங்களுக்கு முதலில் வேண்டியது நல்ல காற்று. ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வரைபடம், ஒரு போட்டோ, உள்ளே வேலை பார்த்தவரின் ஒரு பேச்சு இருக்கலாம் அல்லவா?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்று தெரியும். "இருக்கிறவனுக்கே வீடில்லை, நீ இடிஞ்ச வீட்டைப் பத்திப் பேசுறே!" நியாயமான கேள்வி. நானும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள்தான். அதனால் அதையே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் பிளாக் ஒன்று இடிந்து விழுந்து 24 வீடுகள் போயின. விரிசலைப் பார்த்துச் சற்று முன்னால் எல்லாரும் வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். அது 1990களில் கட்டியது. 1856-ல் கட்டிய ஸ்டேஷன் நிற்கிறது, முப்பது வருஷம்கூட ஆகாத வீடு விழுகிறது. அவசரமாகச் சிமென்டைக் குறை சொல்லிவிட முடியாது. என்ன மண், என்ன அஸ்திவாரம், உப்புக் காற்றில் கம்பி எப்படித் துருப்பிடித்தது, யார் பராமரித்தார்கள், கூட்டிக் கட்டிய சுவர் எது என்று வருஷம் வருஷமாகப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதும் கட்டட வரலாறுதான். அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டும் வரலாறு இருந்தால் போதும் என்று யார் சொன்னது? வாரிய பிளாக்குக்கு வரலாறு எழுதியிருந்தால் எந்த பிளாக்கில் இருந்து ஜனங்களை முதலில் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சண்டைக்குத் தயார்.

சட்டம் பேசும் இடத்திலும் இந்த எழுத்து வேலைதான் உதவுகிறது. சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழு போட்ட பட்டியலில் 467 பாரம்பரியக் கட்டடங்கள் வந்தன. மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-ல் ஹைகோர்ட் சொன்னது. 2012-ல் தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்குச் சட்டம் வந்தது. பட்டியலில் ஒரு கட்டடம் ஏற வேண்டுமானால், அது எப்போது கட்டியது, அதில் என்ன விசேஷம் என்று யாராவது முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுத ஆள் இல்லாத பேட்டையின் கட்டடத்துக்கு ஜேசிபிதான் கதி.

சரி, படிக்கிற வழி என்ன? விசாரித்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். கணிதத்தோடு மூன்று வருஷப் பட்டயம் முடித்த நாமும் நாட்டா எழுதி பி.ஆர்க் சேரலாம். ஆனால் பி.இ. மாதிரி நேரடி இரண்டாம் ஆண்டு கிடையாது, முதலில் இருந்து ஐந்து வருஷம். அதன் மேல் எம்.ஆர்க் இரண்டு வருஷம். டில்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பி.இ. சிவில் போகிறவர்கள் மனம் தளர வேண்டாம், ஐ.ஐ.டி. மெட்ராஸில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்று தேசிய மையம் நடக்கிறது, அங்கே ஸ்ட்ரக்சர் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. கல்வெட்டுப் பக்கம் ஆசை உள்ளவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் துறை இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையும் கல்வெட்டியலில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. லண்டனில் பார்ட்லெட் என்கிற இடத்தில் கட்டட வரலாற்றுக்கு மட்டுமே எம்.ஏ. 1981-ல் இருந்து நடக்கிறது. ஆர்க்கிடெக்சர் படிக்காதவர்களும் அதில் சேருகிறார்களாம். படித்ததும் ராத்திரி தூக்கம் வரவில்லை. பிறகு ஃபீஸைப் பார்த்தேன், நன்றாகத் தூங்கிவிட்டேன்.

இப்போது எனக்குப் பதினெட்டு. ஐந்தும் இரண்டும் கூட்டினால் இருபத்தைந்து. அதுவரை வீட்டுக்கு ஒரு ரூபாய் வராது, போகத்தான் செய்யும். நைனாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, சாரம் ஏறினால் இறங்க நேரமாகிறது. முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால் அரசு கொடுக்கிற கல்விக் கட்டணச் சலுகை முதல் பட்டத்தோடு நின்றுவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்குகிறவருக்கு முதுகலை படிக்கும்போது மட்டும் திடீரென்று பணக்கார அப்பா முளைத்துவிடுவாரா? அந்தச் சலுகையை எம்.ஆர்க், எம்.இ. வரைக்கும் நீட்ட வேண்டும் என்று நம் மாணவர் சங்கம் தீர்மானம் போட வேண்டும். கேன்டீன் டீ விலைக்குக் கோஷம் போட்ட தொண்டைதானே, இதற்கும் போடலாம்.

சங்கத்திடம் இன்னொன்றும் கேட்கிறேன். சர்வே பிராக்டிகலில் வருஷா வருஷம் அதே கிரவுண்டை, அதே வேப்பமரத்தை, அதே கொடிக்கம்பத்தை அளக்கிறோம். ரெக்கார்டு நோட்டை முந்தின பேட்ச்சில் இருந்து காப்பியடிப்பது சாருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதற்குப் பதில் ஒவ்வொரு பேட்ச்சும் ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரே ஒரு பழைய கட்டடத்தை அளந்து வரைந்து லைப்ரரியில் வைத்தால் என்ன? கோயில்தான் என்று இல்லை, உப்புக் கிடங்காக இருக்கலாம், மீன் ஏலக் கொட்டகையாக இருக்கலாம், வாரிய பிளாக்காக இருக்கலாம். காப்பியடிக்கவும் முடியாது!

நைனாவின் கேள்வி பாக்கி இருக்கிறது. போன வாரம் மறுபடி பேச்சு வந்தது. சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை என்றே சொல்லிவிட்டேன். பாதுகாப்பு வேலை எடுத்துச் செய்கிற ஆர்க்கிடெக்டுகள் இருக்கிறார்கள், ஆசிரியர் வேலை இருக்கிறது, ஆனால் சைட் சூப்பர்வைசர் வேலை மாதிரி அடுத்த மாசமே கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல முடியாது. நைனா ஒன்றும் பேசவில்லை. கரணையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வீட்டு உத்தரம் எம்மாம் ஒசரம்னு உனக்குத் தெரியலைல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "இடைவெளியும் அகலமும் சொல்லு" என்றார். சொன்னேன். கையை விரித்து, முழம் போட்டுப் பார்த்து, ஒரு அளவு சொன்னார். ஷீட்டில் அதைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் "கொத்தனார் மதிப்பீடு" என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். நாட்டா ஃபாரம் இன்னும் நிரப்பவில்லை. நிரப்பாதே என்று நைனா சொல்லவும் இல்லை.

மலர் வெளியீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் பாலிடெக்னிக்குக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பழைய கிடங்கு ஒன்றை அளக்கப் போகிறேன். உரிமையாளர் சரி என்று சொல்லிவிட்டார். தளம் மெட்ராஸ் டெரஸ். காலை ஏழு மணி. ஆயாவும் வருகிறது, அது தட்டிப் பார்த்தே சொல்லும். டேப் என்னிடம் இருக்கிறது, ஏணி நைனா கொடுப்பார். டேப்பின் அடுத்த முனையைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். உத்தரத்தின் உயரத்தைத்தான் முதலில் அளக்கிறோம்.